அத்திபெலே கேசட்டுகள்

...குண்டூசி கழன்று வந்துவிட்டது, காகிதம் கிழியவில்லை, துருவின் வட்டம் மட்டும் அம்மைத் தழும்பு மாதிரி மூலையில் நின்றுவிட்டது, நிற்கட்டும், தேய்க்கப் போனால் எழுத்தும் கூடவே போய்விடும், இதெல்லாம் ஆஸ்பத்திரி ரிக்கார்டு ரூமில் ஏழு வருடம் பழைய கேஸ் ஷீட்டுகளோடு மாரடித்ததில் சொர்ணத்துக்குக் கைவந்த சங்கதி, அதனால்தானே சீனிவாசராகவன் சார் இந்தத் தகரப் பெட்டியை வேறு யாரிடமும் தராமல் அவளிடம் தந்தார். குடியை விட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடுகிற இந்தக் குழுவுக்கு வருகிற வருடம், இரண்டாயிரத்து நாலில், இருபது முடிகிறது, பழைய நோட்டு, கடிதம், கேசட் எல்லாவற்றையும் பூச்சி தின்பதற்குள் துடைத்துப் பட்டியல் போட்டு வைத்துவிட வேண்டும், பின்னால் வருகிறவர்களுக்கு வேண்டியிருக்கும் என்றார் சார். ஆஸ்டின் டவுனில் இந்தப் பள்ளிக்கூடத்தின் பின்னறை சனிக்கிழமை மதியத்துக்கு மேல் காலியாகத்தான் கிடக்கும், மூன்று சனிக்கிழமையாக வந்து உட்கார்ந்திருக்கிறாள். வருகைப் பதிவேட்டில் யாருக்கும் முழுப்பெயர் கிடையாது, ஓர் எழுத்து, ஒரு புள்ளி, அவ்வளவுதான். எவனோ ஓர் ஆள் டயரியின் காலிப் பக்கத்தில் கூட்டத்தின் முடிவில் எல்லாரும் சொல்கிற பிரார்த்தனையைத் தமிழிலும் கன்னடத்திலும் மாற்றி மாற்றி எழுதிப் பார்த்திருக்கிறான், 'மாற்ற முடியாததை' என்ற இடத்தில் பேனா ஓட்டை போட்டிருக்கிறது. ஒரு வருடம் குடிக்காமல் இருந்தவர்களுக்குக் கொடுக்கும் பித்தளை வில்லைகள் பதினொன்று, மறுபடி குடித்தவர்களிடமிருந்து திரும்பி வந்தவை, ஒன்றில் பல் பதிந்திருக்கிறது. பித்தளையை எதற்காகக் கடித்தார்கள், எந்த ராத்திரியில்... வேண்டாம், அதை யோசிக்காதே, துணியில் துடை, உறையில் போடு, நம்பர் எழுது.

கேசட்டுகள்தான் சிரமம், பிஸ்கட் டப்பாவில் இருபத்தேழு, நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை, பென்சிலை விட்டுச் சுற்றிச் சுற்றிப் பஞ்சால் ஒற்றியெடுத்து, பிறகு ஒருமுறை ஓடவிட்டுக் கேட்டு, சீட்டில் என்ன இருக்கிறது என்று எழுத வேண்டும். கூட்டத்தில் பேசுவதைப் பதிவு செய்வது வழக்கமில்லை, இது ஒரே ஓர் ஆளுக்காக நடந்த காரியம், ஓசூர் ரோட்டில் அத்திபெலேயில் சின்னப்பா என்று ஒரு லாரி டிரைவர், குடித்துவிட்டு ஓட்டி இரண்டு காலையும் இழந்தவர், வீட்டை விட்டு வர முடியாது, அவருக்காக எல்லாருடைய சம்மதத்தோடும் கூட்டத்தைப் பதிந்து, திங்கட்கிழமை பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புவார்களாம், அவர் கேட்டுவிட்டு, மறுபக்கத்தில் தன் பதிலைப் பேசித் திருப்பி அனுப்புவாராம். தொண்ணூற்று நாலிலேயே இறந்துவிட்டார். சொர்ணம் குழுவுக்கு வந்தது தொண்ணூற்று ஐந்து ஜூனில், அந்த மனிதரை அவள் கண்ணால் கண்டதில்லை, ஆனால் மூன்று வாரமாக அந்தக் குரலோடுதான் இருக்கிறாள், 'போன வாரம் இருமிக்கிட்டே பேசுனாரே ஒருத்தரு, அவரு டாக்டர்கிட்ட போனாரா' என்று அவர் கேட்கும்போது, போனார், சின்னப்பா, போயும் பிரயோஜனமில்லை என்று வாய்வரை வரும். செத்தவர் கேட்க, செத்தவரைப் பற்றி, இவள் பதில் சொல்ல... நல்ல கூத்து.

கரண்ட் போய் ஒரு மணி நேரமாகிறது, டேப் ரிக்கார்டர் பேட்டரியில் ஓடுகிறது, பேட்டரியும் களைத்துவிட்டது, குரல்கள் எல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இழுத்துக்கொண்டு வருகின்றன. இந்தக் கேசட்டின் மேல் '93 செப்டம்பர், மூணாவது ஞாயிறு'. முதலில் சாருடைய குரல், இன்னிக்குப் புதுசா ஒருத்தங்க வந்திருக்காங்க, பேசணும்ங்கிறாங்க, குடிச்சிருந்தாலும் பரவாயில்ல, கேப்போம் என்கிறது. பிறகு ஆணா பெண்ணா என்று தெரியாத ஒரு கனத்த குரல், எல்லாரும் நல்லவங்க, எல்லாரும் நல்லவங்க என்று நாலைந்து தரம். சேலை என்றோ என்னமோ சொல்கிறது, பெண்தான். சொர்ணம் சீட்டை இழுத்து எழுதினாள்: பெண் குரல். தமிழ். போதையில். பெயர் தெரியாது. பாவம், எந்த மகராசியோ, அந்தக் காலத்தில் ஒரு பெண் தனியாக இந்த அறைக்குள் குடித்துவிட்டு நுழைந்திருக்கிறாளே, அப்புறம் என்ன ஆனாளோ, நான் வந்தபோது குழுவில் பெண் என்று ஒருத்திகூட இல்லையே. குரல் இழுத்து இழுத்துச் சொல்லிக்கொண்டு போயிற்று.

"புள்ளைக்கு ஜொரம்னு சொன்னேன் அவருகிட்ட. ஜொரம் இல்ல. பல்லு மொளைக்குது, அழுதுகிட்டே கெடக்கு. ஒரு ஸ்பூனு சாராயம். தண்ணி கலந்துதான் குடுத்தேன். தூங்கட்டும்னு. அது தூங்குனா நான் சிவாஜிநகர் கடை வரைக்கும் போயிட்டு வந்துடலாமில்ல..."

அப்போது கரண்ட் வந்தது. மேலே மின்விசிறி முனகிக்கொண்டு புறப்பட்டது, ரிக்கார்டரின் சிவப்பு விளக்கு பளிச்சென்றது, குரல் கிணற்றிலிருந்து படியேறுகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக மேலே வந்தது, கனம் உதிர்ந்தது, மெலிந்தது, 'போயிட்டு' என்பதில் ஆண் குரல் போயிற்று, 'வந்தேன்' என்பதில் அது யாரோவாக இருந்தது, 'தூங்கிக்கிட்டே இருந்திச்சி' என்று சொன்னபோது அது சொர்ணமாக இருந்தது.

கை நீண்டு நிறுத்திவிட்டது, மனசு சொல்லவில்லை, கையே நிறுத்திக்கொண்டது. வெளியே மைதானத்தில் பையன்கள் கன்னடத்தில் கத்திக்கொண்டு பந்து உதைக்கிறார்கள், பந்து சுவரில் படுகிறது, மறுபடி படுகிறது. இன்னொருத்தியாக இருக்கலாம், ஒரே மாதிரிக் குரல் ஊரில் எத்தனை இல்லை... ஆனால் பேசுவதற்கு முன்னால் தொண்டையில் ஒரு சின்னச் சொடக்கு, அது சின்ன வயதிலிருந்து தன்னிடம் இருப்பது, அம்மாகூடத் திட்டுவாள், கோழி மாதிரி என்ன சத்தம் என்று. நான் வந்தது தொண்ணூற்று ஐந்து. ஜூன் பதினொன்று. மழை பெய்தது, செருப்பு அறுந்தது, வெறுங்காலோடு வந்து உட்கார்ந்தேன், அதற்கு முன் இந்த வாசலை மிதித்ததில்லை, எட்டு வருடமாக ஒவ்வொரு கூட்டத்திலும் அப்படித்தானே சொல்கிறேன். அதோடு இன்னொன்றும் சொல்கிறேனே... என் பெண் சுனிதா, பதினொரு மாதம், தொண்ணூறாம் வருடம் ஆடியில் மூன்று நாள் ஜுரம், மடியிலேயே போயிற்று, அந்தத் துக்கத்தில்தான் குடிக்க ஆரம்பித்தேன், அதற்கு முன்னால் வாசனைகூடத் தெரியாது. நூறு தடவை சொல்லியிருப்பேன், ஆம்பிளைகள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள், ஒருத்தர் எழுந்து வந்து காலைத் தொட்டார். அந்த நெற்றியின் சூடு இதோ இந்த உள்ளங்கையில் இருக்கிறதே, இது பொய்யா, உள்ளங்கை பொய் சொல்லுமா... அந்தச் சூட்டைத் தொட்டதனால் சொன்னேனா, சொல்லிச் சொல்லி அந்தச் சூடு கையில் ஏறியதா? குடிகாரி உளறுவாள், இல்லாததைச் சொல்லி அழுவாள், இரக்கத்துக்காகச் சொல்லுவாள், இந்த அறையில் எத்தனை பேர் அப்படி. அப்படியானால் இரக்கத்துக்காகச் சொன்னது எது, அதுவா, எட்டு வருடமாகச் சொன்னதா? புருஷன் ஓசூருக்குப் போனவன் திரும்பவில்லை, எதனால் போனான், குழந்தை போனதனால் என்றல்லவா நினைத்திருந்தாள்... கேட்க ஓர் ஆள் இல்லை. மூளைக்குள் அந்த இரண்டு மூன்று வருடம் கறையான் அரித்த கட்டு மாதிரி, மேலட்டை இருக்கிறது, உள்ளே தூள்.

கேசட்டைத் திருப்பிப் போட்டாள். ஏன் போட்டாள், மூடிவிட்டு எழுந்து போயிருக்கலாம். அத்திபெலேயில் பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது, ஒரு கட்டில் முனகியது, சின்னப்பா இரண்டு தரம் இருமிக்கொண்டார்.

"சாரு, கேட்டேன். அந்தம்மா பேசுனத மூணு தடவ கேட்டேன். ஒரு ஸ்பூன்ல புள்ள சாவுமா, சாவாதா, எனக்குத் தெரியாது, நான் டாக்டரு இல்ல. சாவாதுன்னு சொல்லி அனுப்பலாம்னுதான் மைக்க எடுத்தேன், வாய் வரல. நான் லாரிய ஏத்துன ஆளு செத்தானா பொழச்சானான்னு எனக்கே இன்னிக்கி வரைக்கும் தெரியாது, அவங்க போலீஸ்ல இன்னா எழுதுனாங்களோ. தெரியாமயே குடிக்காம இருக்க முடியுதுன்னு மட்டும் அந்தம்மாகிட்ட சொல்லுங்க. அவங்க உக்காந்த நாற்காலிய எடுத்துடாதீங்க. அடுத்த வாரம் அவங்க வரலேன்னா அந்த நாற்காலிய ஒரு நிமிசம் ரிக்கார்டு பண்ணி அனுப்புங்க. நான் கேட்டுக்கறேன்."

பின்னால் காலடி கேட்டுத் திரும்பினாள். சீனிவாசராகவன் சார் வாசலில் நின்றிருந்தார், எழுபத்திரண்டு வயது, டெலிபோன்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு கையில் குடை, இன்னொரு கையில் ஃபிளாஸ்க், எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது, இவர் இந்தக் கேசட்டுக்காகக் காத்திருந்திருக்கிறார், மூன்று சனிக்கிழமையும் தேநீரோடு வந்து எது வரைக்கும் ஆச்சு என்று கேட்டாரே...

"நான் தொண்ணூத்தி மூணுல வந்தேனா சார்?"

"வந்தீங்க."

"அது நான்தானா?"

"நீங்கதாம்மா. பச்சை சேலை. அந்த ஜன்னலோரம் உக்காந்தீங்க." அவர் ஃபிளாஸ்க்கை மேசைமேல் வைத்தார், திறக்கவில்லை. "அப்புறம் வரலை. ரெண்டு வருஷம் கழிச்சு மழையில வந்து, இதான் எனக்கு முதல் தடவைன்னு சொன்னீங்க. யாரு முதல் தடவைன்னு சொன்னாலும் ஒத்துக்கிறதுதானே நம்ம வழக்கம்."

"எட்டு வருஷமா நான் வேற கதை சொல்லிக்கிட்டிருந்தேனே. கேட்டுக்கிட்டுச் சும்மா இருந்தீங்களே."

"எது கதைன்னு எனக்கு எப்படித் தெரியும் சொர்ணம்மா? நான் ரெண்டையும் கேட்டேன், அவ்வளவுதான். ரெண்டு தடவையும் நீங்க அழுதீங்க."

"இத எரிச்சிருக்கலாமே."

"நினைச்சேன். ரெண்டு மூணு தடவை வீட்டுக்கு எடுத்துண்டு போயிட்டேன். என்னோடது இல்லையே, எப்படி எரிக்கிறது. எனக்கும் வயசாயிண்டிருக்கு, நான் போனப்புறம் யாரோ முன்னப்பின்ன தெரியாதவங்க இதைக் கேக்கிறதுக்கு..." முடிக்காமல் ஜன்னலைப் பார்த்தார். "பட்டியல்ல சேக்கிறதும் சேக்காததும் உங்க இஷ்டம்மா. நான் கேக்க மாட்டேன்."

அவர் போன பிறகு குடையின் தட்டல் வராந்தா முழுக்க நடந்து போய்த் தேய்ந்தது. ஃபிளாஸ்க் திறக்காமலே இருந்தது. நாடாவை உருவி எடுத்தால் ஒரு கைப்பிடிகூட இருக்காது, கத்தரிக்கோல் பக்கத்திலேயே இருக்கிறது... கத்தரித்தால் சின்னப்பாவும் போய்விடுவார், அவர் அந்த மைக்கை எடுத்து வாய் வராமல் இருந்ததும் போய்விடும், தன்னிடம் சொல்லச் சொன்ன ஒரு சொல் பத்து வருடம் டப்பாவுக்குள் கிடந்து இன்றைக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. சீட்டைப் பார்த்தாள். பெயர் தெரியாது என்று தன் கையெழுத்திலேயே இருந்தது. அடிக்கவில்லை. அடித்து எதை எழுதுவது? சீட்டைக் கேசட்டோடு உறையில் போட்டு, பதினான்கு என்று எண் எழுதினாள், எழுதிய பிறகுதான் தான் முடிவு செய்துவிட்டது தெரிந்தது.

அடுத்த கேசட், செப்டம்பர் நாலாவது ஞாயிறு. கூட்டம் முடிந்து எல்லாரும் எழுந்திருக்கிற சத்தம், பிறகு சாருடைய குரல், சின்னப்பா, இது அந்த நாற்காலி. பிறகு ஒன்றுமில்லை. மின்விசிறி சுற்றுகிறது, தூரத்தில் ஒரு பஸ், யாரோ செருமாமல் அடக்கிக்கொள்கிறார்கள். ஒரு நிமிடம் அவ்வளவு நீளமா? அந்த நிமிடத்தில் நான் எங்கே இருந்தேன், எந்தத் தெருவில், யார் வீட்டு வாசலில் விழுந்து கிடந்தேன்... உலகத்தில் வேறு எவரிடமும் அதற்குக் குறிப்பு இல்லை, இங்கே மட்டும் ஆறேழு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று, நான் இல்லாததைப் பதிந்து பஸ் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். அதற்கடுத்த கேசட், அக்டோபர், இது அந்த நாற்காலி, ஒன்றுமில்லை. அதற்கடுத்தது, ஒன்றுமில்லை, மழை மட்டும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள், இப்போது அது பழகிவிட்டது, ஒன்றுமில்லாததிலும் ஒவ்வொரு வாரமும் ஒரு வித்தியாசம் இருந்தது.

நவம்பர் கேசட்டில் சார் எதுவும் சொல்லவில்லை. எல்லாரும் போய்விட்ட பிறகு எவரோ அணைக்க மறந்து ஓடிக்கொண்டிருந்த மாதிரி அறை வெறுமனே இருந்தது, வெகுநேரம் இருந்தது. பிறகு கதவு திறந்தது. வெறுங்கால் தரையில் ஒட்டி ஒட்டி நடந்து கிட்டத்தில் வந்தது, நாற்காலி கிறீச்சிட்டது, யாரோ உட்கார்ந்தார்கள். அப்புறம் வரலை என்றாரே சார். மூச்சு மட்டும் கேட்டது, அருகில், மைக்குக்கு வெகு அருகில். தொண்டையில் ஒரு சின்னச் சொடக்கு, இப்போது பேசப் போகிறாள், சொர்ணம் குனிந்து காதை வைத்தாள்... பேசவில்லை. எழுந்தும் போகவில்லை. நாடா ஓடிக்கொண்டிருந்தது. டப்பாவில் இன்னும் ஒன்பது கேசட்டுகள் இருக்கின்றன, அவற்றில் எதிலெல்லாம் தான் இருக்கிறோம் என்று சொர்ணத்துக்குத் தெரியவில்லை.