சத்தம் போடாத இஞ்சின்

பெருமைக்குச் சொல்லவில்லை, கோவில்பட்டியில் டீசல் இஞ்சினைப் பிரித்துக் கோத்தால் சௌந்தரபாண்டியன்தான் கோக்க வேண்டும். அந்த சௌந்தரபாண்டியன் நான்தான். சரி, பெருமைக்கே சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆவணிக் கடைசியில் நந்தகோபாலும் அவர் மனைவி முத்துச்செல்வியும் ஒரு பழைய வேனை டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார்கள். இருநூறு செம்மறிகளை வைத்துக் கிடை போடுகிறவர்கள். விதைப்புக்கு முன் கரிசல் காட்டில் ஆடுகளை ராத்திரி அடைத்து, நிலத்துக்கு எரு சேர்ப்பது அவர்கள் பிழைப்பு. அந்த வேன்தான் வீடு. உள்ளே பலகைக் கட்டில், கேஸ் அடுப்பு, தண்ணீர் டிரம், ஜன்னலில் பூப்போட்ட திரை. கட்டிலுக்கடியில் பிறந்த குட்டிகளுக்கு ஒரு கூடை. என் வீட்டைவிடச் சுத்தமாக இருந்தது.

இஞ்சின்தான் பரிதாபம். ஹெட்டைக் கழற்றினால் சிலிண்டர்கள் தேய்ந்து பிஸ்டன்கள் தொட்டாலே கடகடவென்று ஆடின. மீட்டர் மட்டும் கொஞ்ச தூரமே காட்டியது.

"மீட்டர்ல கை வச்சீங்களா?" என்று எகிறினேன்.

"இல்ல அண்ணாச்சி. ஆட்டுக்கு முன்னால பஸ்ட் கியர்லதான் போவுதோம். நாள் பூரா ஓடும், இருவது கிலோமீட்டர் தாண்டாது," என்றார் நந்தகோபால். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். "வேலை முடிஞ்சா சத்தம் ரொம்ப மாறிராதுல்லா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "என்கிட்ட வந்து இதைக் கேக்குதீங்களே! சத்தமே இருக்காது, போங்க."

அவர் முகம் வாடியதை நான் கவனித்திருக்க வேண்டும்.

பன்னிரண்டு நாள் வேலை. சிலிண்டர்களைக் கடைந்து போர் போட்டு, பெரிய சைஸ் பிஸ்டன், புது ரிங், புது பேரிங் எல்லாம் மாட்டி ஸ்டார்ட் செய்தேன். பானட்டின் மேல் டீ டம்ளரை வைத்தேன். டீ தளும்பவே இல்லை. எனக்கே கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலை நாலாட்டின்புதூர் காட்டுக்கு நானே வேனை ஓட்டிப் போனேன். பாராட்டு வாங்கத்தான் போனேன், வேறென்ன? அங்கே இருவரும் பரபரத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கடுத்த நாள் அந்தக் காட்டில் உழவு. அன்று சாயங்காலத்துக்குள் கடம்பூரில் தங்கசாமியின் காட்டுக்குப் போய்விட வேண்டும். போகாவிட்டால் அவர் வேறு மந்தையைக் கூப்பிட்டுவிடுவார், இருநூறு ஆடும் நடுரோட்டில் நிற்கும்.

நந்தகோபால் வேனை மெல்ல நகர்த்தினார். ஒரு ஆடுகூட எழுந்திருக்கவில்லை.

"மைனர் எந்திரிக்க மாட்டேங்குதான்," என்றாள் முத்துச்செல்வி.

மைனர் என்பது முன்னோடிக் கிடாய். வேனுக்குள்ளேயே பிறந்து, கட்டிலுக்கடியில் வளர்ந்தவன். இஞ்சின் சத்தம் கேட்டால்தான் நடப்பான். அவன் நடந்தால்தான் மந்தை நடக்கும். ஹாரன் அடித்தோம், விசிலடித்தோம், வாலைப் பிடித்துத் தூக்கினோம். வேனுக்குள் ஏற்றியும் பார்த்தோம். அவன் கட்டிலுக்கடியில் படுத்து அசைபோட, மற்றதெல்லாம் அவனைத் தேடிக் கத்திக்கொண்டு சக்கரத்தைச் சுற்றி நின்றன. மணி பத்தாகிவிட்டது.

"நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க அண்ணாச்சி," என்றாள் முத்துச்செல்வி. "அவனுக்குத்தான் அது நம்ம வண்டின்னு தெரியல." திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மாற்றிய பழைய சாமான்களைச் சாக்கில் கட்டி வண்டிக்காரரிடமே கொடுத்துவிடுவது பட்டறை வழக்கம். புதுசு மாட்டினோம் என்பதற்கு அதுதானே சாட்சி. அந்தச் சாக்கு வேனில் கிடந்தது. தேய்ந்த பிஸ்டன்கள் நாலையும் ஒரு ஆயில் டின்னில் போட்டு, மைனர் காதருகே குலுக்கினேன்.

கடகடகட.

அசைபோட்ட வாய் நின்றது. ஒரு காது நிமிர்ந்தது. டின்னைக் குலுக்கிக்கொண்டே நான் கீழே இறங்க, மைனரும் வேனிலிருந்து குதித்து என் எதிரே வந்து நின்றான். பின்னாலேயே இருநூறும் திரண்டன.

"ஏட்டி, எந்திரிச்சிட்டான்!" என்று நந்தகோபால் கூவினார்.

டின்னைக் கம்பியால் வேனுக்குப் பின்னால் கட்டினேன். மேடு பள்ளத்தில் சரியாக ஆடியது. தார்ரோட்டில் ஏறியதும் சத்தம் குறைந்தது, மைனர் நின்றுவிட்டான். வேறு வழியில்லாமல் நானே பின்கதவில் உட்கார்ந்து டின்னைக் குலுக்கிக்கொண்டு வந்தேன். எதிரே பைக்கில் வந்தவர்கள் எல்லாம் வேகத்தைக் குறைத்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள்.

பொழுது சாய்வதற்குள் கடம்பூர் போய்விட்டோம். தங்கசாமி காட்டு முனையிலேயே காத்து நின்றார்.

"என்னவே நந்தகோபால், இஞ்சினைச் சரிபண்ணிட்டுத்தான் வருவேன்னு சொன்னீரு? இந்தக் கத்து கத்துது! எவன் பாத்த வேலை இது?"

நந்தகோபால் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ஆடுகள் ஒவ்வொன்றாகக் காட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தன.

"நான்தான் அண்ணாச்சி," என்றேன். "கோவில்பட்டி சௌந்தரபாண்டியன்." கடைசி ஆடு இறங்கும்வரை குலுக்குவதை நான் நிறுத்தவில்லை.