தொடலாம் என்று சொன்னவள்

புதன்கிழமை பின்னேரம் சித்திரக் கலரியின் பெரிய அறையில் பார்க்க வந்திருந்தவர்கள்: வாசலுக்கு நேரே பிளாஸ்ரிக் கதிரையில் கத்தரீனா, மடியில் கைப்பை; அவளுக்கு இடப்பக்கம் சுவரோடு கிடந்த வாங்கில் கணவர் கிறிஸ்துநாயகம்; அதே வாங்கின் மறுமுனையில், செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை மடித்து வைத்தபடி அவருடைய தம்பி றோய்; யன்னலோரம், காத்தாடிக்கு நேர் கீழே, றோயின் மனைவி கிறிஸ்ரினா. நடுவில், ஒருவரும் உட்காராத இடத்தில், சீமெந்துத் தரை நிறைய ஒரு வலை விரிந்து கிடந்தது.

கலரி என்று சொன்னாலும் அது ஒரு பழைய கல்வீடுதான். படங்களை மாட்டி வைத்தால் சனம் வாசலோடு எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறது என்று கண்டுகொண்டவர்கள், இந்த வருடம் வேறு மாதிரிச் செய்தார்கள். உள்ளூர்க் கலைஞர் ஒருவரைச் சில மாதம் அங்கேயே வேலை செய்ய விட்டார்கள். வேலை நடக்கும்போது கதவு திறந்திருக்கும். யாரும் உள்ளே வரலாம். வாசலில் ஒரு பலகை: ‘வாருங்கள். பாருங்கள். கேளுங்கள். தொடலாம்.’ ரியூசனுக்கு முந்தி வந்துவிட்ட பிள்ளைகளும், பஸ்ஸுக்கு நிற்பவர்களும், வெய்யிலுக்கு ஒதுங்கியவர்களும் வந்து இருந்துவிட்டுப் போனார்கள். முதலில் அழைக்கப்பட்டவள் பிரதீபா. அளவெட்டிப் பெட்டை, கம்பஸில் சித்திரம் படித்து முடித்து, இன்னமும் யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் அறை எடுத்து இருந்தாள். கையிலும் கன்னத்திலும் எப்போதும் கரி.

வலையின் நடுவில் ஓர் ஆள் புகுந்து போகக்கூடிய அளவில் கிழிசல். அதன் விளிம்பில் அறுந்து நின்ற நூல்கள் ஒவ்வொன்றையும், சுவரில் ஒட்டிய பெரிய தாள்களில் அவள் கரித்துண்டால் வரைந்துகொண்டிருந்தாள். பாதிதான் முடிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை வலையை மேலே தூக்கிக் கட்டி, கிழிசலுக்கு ஊடாக அந்தச் சித்திரம் தெரியும்படி செய்வது அவளுடைய எண்ணம்.

அந்த வலை யாருடையது என்பது பிரதீபாவுக்கும் கத்தரீனாவுக்கும் மட்டும்தான் தெரியும். அது கத்தரீனாவின் ஞானமகள் வசந்தினியின் புருசன் ஜெரிசனுடையது. றோலர் இழுவைப்படகு வந்து வலையை அறுத்துக்கொண்டு போனபோது, அறுந்த பக்கத்தை எட்டிப் பிடிக்கப் போய்த் தண்ணீருக்குள் விழுந்தவன் அவன். வலை மட்டும் கரைக்கு வந்தது. வசந்தினி மகனையும் கூட்டிக்கொண்டு மன்னார்ப் பேசாலையில் தமக்கை வீட்டுக்குப் போய்விட்டாள். வலையைக் கேட்கப் பிரதீபாவைப் பேசாலைக்குக் கூட்டிப் போனதே கத்தரீனாதான். வசந்தினிக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது நின்ற ஞானத்தாய் என்ற உரிமை. வசந்தினி சொன்னாள்: “தாறன். ஆனா அந்தக் கிழிசலிலை ஒருத்தரும் கை வைக்கக்கூடாது. அவர் கடைசியாப் பிடிச்சது அதைத்தான். என்ரை பேரையும் ஊருக்குள்ளை சொல்லிக்கொண்டு திரியாதேங்கோ, மாமி.” கத்தரீனா தலையாட்டினாள். குருநகரில் பாதிப் பேருக்குக் கடிதமும் மனுவும் எழுதிக் கொடுப்பவள் அவள். கேட்டதை வெளியில் கதையாதவள் என்று பேர் எடுத்தவள். சொன்னபடி புருசனிடம்கூட மூச்சு விடவில்லை.

அதனால்தான் அன்றைக்குப் பிரதீபா அவ்வளவு நம்பிக்கையோடு எழுந்து போனாள்.

“அன்ரி, தாள் முடிஞ்சுபோச்சு. கடைக்கு ஓடிட்டு வாறன். நீங்கள் இருக்கிறியள்தானே?”

“இருக்கிறன் பிள்ளை. நீ ஆறுதலாப் போட்டு வா.”

ஸ்கூட்டர் சத்தம் ஓய்ந்ததும் றோய் ஒரு கொட்டாவி விட்டான். “அண்ணை, மீன் படாத வலைக்குச் சனம் படுது பார். உந்தத் தொழிலுக்கு நாங்களும் வந்திருக்கலாம். எண்ணெய்ச் செலவும் இல்லை.”

“வாயை மூடிக்கொண்டு இருங்கோ. ஆக்கள் வருகினம்” என்றாள் கிறிஸ்ரினா.

வந்தவர்கள் கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கத்து ஆட்கள் என்று கத்தரீனா கணித்தாள். கசங்காத பருத்திச் சேலையில் இரண்டு பெண்களும், கமெராவைக் கழுத்தில் மாட்டிய ஒரு பெடியனும். சித்திரத்தைப் பார்த்தார்கள், சுவரில் எழுதியிருந்ததை வாசித்தார்கள். பிறகு வலையைச் சுற்றி, சேலைத் தலைப்பைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

“ஐயோ பாவம். இதைக் கொண்டா கடலுக்குப் போறவை?” என்றாள் ஒருத்தி.

“புதுசு வாங்க வழியில்லைப் போல” என்றாள் மற்றவள். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். ஆனால் அந்த அறையில் தாழ்ந்த குரலும் எதிரொலித்தது. பிறகு கிறிஸ்துநாயகத்தின் பக்கம் திரும்பி, மரியாதையாகவே கேட்டாள்: “ஐயா, இது உங்கட வலையா?”

“எங்கடை வலை உப்பிடிக் கிடவாது, அம்மா” என்று அவர் சிரித்தார். சிரித்தாலும் காது மடல் இரண்டும் கறுத்துவிட்டன.

கத்தரீனா கைப்பையின் வாரைப் பிடித்தாள். பூசைக்குக் கட்டுகிற சேலையைத்தான் அன்று கட்டி வந்திருந்தாள். கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல். சிறுமியாய்ப் பள்ளிக்கூடத்தில் பக்கத்து வாங்குப் பிள்ளை மீன் மணக்குது என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு தள்ளி இருந்த நாளிலிருந்து அவள் ஒன்றில் கவனமாக இருந்தாள்: தங்களுடையது எதுவும் பிறத்தியார் முன்னால் கிழிந்தும் கசங்கியும் கிடக்கக்கூடாது. எழுதிக் கொடுக்கிற மனுவில் ஓர் எழுத்து அடிபட்டாலும் புதுத்தாள் எடுப்பாள். இப்போது, யாழ்ப்பாணத்தின் நடுவில், கதவைத் திறந்து வைத்த ஒரு வீட்டில், வருகிறவன் போகிறவன் எல்லாரும் சுற்றி நடந்து பார்க்க, அந்தக் கந்தல் கிடந்தது. பெடியன் குனிந்து கிழிசலைப் படம் எடுத்தான். பிறகு கமெராவை நிமிர்த்தி, வலையோடு சேர்த்து வாங்கில் இருந்த இரண்டு கிழவர்களையும் எடுத்தான்.

மேசையில் பிரதீபா பார்வைக்கு வைத்திருந்த வலை ஊசியும் நூலும் கத்தியும் கிடந்தன. கிறிஸ்துநாயகத்தின் கண் அங்கே போய்ப் போய் வந்தது.

“இஞ்சை,” என்றார் மனைவியிடம், மெதுவாக. “உந்த வலையைத் தொடலாமோ? அந்தப் பிள்ளை ஏதும் சொன்னதோ?”

பேசாலை வீட்டு வாசல் அவளுக்கு ஞாபகத்தில் இல்லாமல் இல்லை. வசந்தினியின் முகமும் இருந்தது. அவை இருக்கும்போதே அவள் சொன்னாள்:

“தொடலாந்தானே. வாசலிலை அப்பிடித்தானே போட்டுக் கிடக்கு.”

கிறிஸ்துநாயகம் எழுந்து போய்க் கிழிசலின் ஒரு முனையில் குந்தினார். றோய் மற்ற முனைக்குப் போனான். “கொழும்புச் சனத்துக்கு ஒருக்கால் காட்டுவம், அண்ணை” என்று கண்ணைச் சிமிட்டினான். அறுந்த நுனிகளைக் கத்தியால் ஒட்ட நறுக்கினார்கள். ஊசி ஓடத் தொடங்கியது. வந்த பெண்கள் சந்தோசத்தில் ஆளையாள் பிடித்துக்கொண்டார்கள். பெடியன் வீடியோ எடுத்தான். வலைக்கண் வலைக்கண்ணாக ஓட்டை சின்னதாகி வந்தது. எந்தக் கண்ணிலும் கத்தரீனா ‘நிப்பாட்டுங்கோ’ என்று சொல்லியிருக்கலாம். ஒருமுறை வாயைத் திறந்தும் பார்த்தாள்.

“இந்தப் பக்கத்தை ஒருக்கால் இழுத்துப் பிடி” என்றார் கிறிஸ்துநாயகம்.

அவள் கைப்பையைக் கதிரையில் வைத்துவிட்டு வந்து, இழுத்துப் பிடித்தாள்.

பிரதீபா தாள்ச் சுருளோடு வாசலில் வந்து நின்றபோது, வலை முழு வலையாகக் கிடந்தது. அவள் சுவரில் பாதி வரைந்திருந்த சித்திரத்தை ஒருதரம் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். உள்ளறையிலிருந்து வந்த சுபாஸ்தான் கையைத் தட்டினான். அவன் அந்தத் திட்டத்தின் பொறுப்பாளர். “பிரதீபா, பாத்தீரோ! இதைத்தான் நாங்கள் எதிர்பாத்தனாங்கள். சனமே வந்து வேலையிலை கை வைக்குது. இதுக்கு மேலை என்ன வேணும்?”

“வசந்தினி அக்கா ஞாயிற்றுக்கிழமை மகனோடை வாறா” என்றாள் பிரதீபா. “அவவுக்கு நான் என்ன சொல்லுறது?”

கிறிஸ்துநாயகம் குந்தியிருந்த இடத்திலேயே நிமிர்ந்தார். “எந்த வசந்தினி? எங்கடை ஜெரிசன்ரை வசந்தினியோ?”

றோய் சேட்டில் கையைத் துடைத்தான். துடைத்த கையை மறுபடியும் துடைத்தான். கிறிஸ்துநாயகம் தரையில் கிடந்த கத்தியை எடுத்தார். “நான் திருப்பி அறுத்து விடுறன், பிள்ளை. அதே இடத்திலை. எனக்கு இடம் தெரியும்.” கத்தி முனையைப் புதுக்கண் ஒன்றுக்குள் விட்டார். அங்கேயே கை நின்றுவிட்டது. “ஏலாது” என்றார். “நான் எப்பிடி அறுக்கிறது?”

“வேண்டாம், மாமா” என்று பிரதீபா கத்தியை வாங்கி மேசையில் வைத்தாள்.

“எங்களுக்குத் தெரியாது, பிள்ளை. கடல் சனம். கிழிஞ்சதைக் கண்டால் கை சும்மா இராது. குறை நினையாதை.”

“உங்களிலை என்ன பிழை, மாமா” என்றாள் அவள். பிறகு திரும்பி, கத்தரீனாவைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருக்கலாம். கணக்கில் தான் எங்கே பிழை விட்டேன் என்று தேடுகிற பள்ளிப் பிள்ளையைப் போலப் பார்த்தாள். தன்மேலேயே சந்தேகப்படுகிற பார்வை. கத்தரீனா கைப்பையைத் திறந்து, தேவையில்லாமல் முகம் துடைக்கிற லேஞ்சியைத் தேடினாள்.

ஓட்டோ கடற்கரை வீதிக்குத் திரும்பியது. கிறிஸ்துநாயகம், “உனக்கும் தெரியாதோ?” என்று கேட்டார். எஞ்சின் சத்தத்தில் கேட்காததுபோல அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இரண்டாந்தரம் கேட்கவில்லை.

மறுநாள் சுபாஸ் கத்தரீனாவுக்குப் போன் எடுத்தான். வீடியோவை நிறையப் பேர் பகிர்ந்திருக்கிறார்களாம். வசந்தினிக்கு விசயத்தைப் பக்குவமாகச் சொல்ல அன்ரிதான் பொருத்தமாம். “தெரியாமல் நடந்த ஒரு நல்ல காரியம் எண்டமாதிரிச் சொல்லுங்கோ, அன்ரி. உங்களுக்குத்தான் எழுத்து நல்லா வருமே.”

பேசாலைக்குப் போன் போட்டிருக்கலாம். ஆனால் போனில் தன் குரல் தானாகவே உடையும், தான் அழுவாள், அழுதால் வசந்தினி “பரவாயில்லை மாமி, அழாதேங்கோ” என்று தேற்றுவாள் என்பது கத்தரீனாவுக்குத் தெரியும். மன்னிப்பை அப்படிப் பறித்து எடுக்கலாம். எடுத்துவிடுவோமோ என்று பயமாகவும் இருந்தது. அவள் மேசையில் தாளை வைத்தாள். வலப்பக்க மூலையில் இடமும் திகதியும். இரண்டு விரல் இடம் விட்டு, ‘அன்புள்ள மகள் வசந்தினிக்கு’. முதலில் சுகம் விசாரிப்பு, பிறகு விசயம், பிறகு வருத்தம். எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்த ஒழுங்கு. ‘எங்கள் ஆட்கள் விபரம் அறியாமல், தொழில் பழக்கத்தினால், வலையைப் பொத்திவிட்டார்கள்’ என்று எழுதினாள். வசனம் நன்றாக ஓடியது. அடித்தல் திருத்தல் இல்லை.

வழக்கம்போல் கணவருக்கு வாசித்துக் காட்டினாள். அவர் சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“நல்லாத்தான் கிடக்கு” என்றார். “‘ஆட்கள்’ எண்டு ஏன் பொதுவாப் போட்டனி? என்ரை பேரைப் போடு. நான்தானே முதல் கை வைச்சனான். றோயை விடு, அவன் என்னைப் பாத்துச் செய்தவன்.” கொஞ்சம் பொறுத்து, “அந்தப் பிள்ளை வந்து என்ரை முகத்திலை காறித் துப்பினாலும் நான் வாங்குவன்” என்றார்.

அவள் மேசைக்குத் திரும்பி வந்து அந்தத் தாளை நாலாக மடித்தாள். புதுத்தாள் எடுத்தாள். ஒழுங்கு வரவில்லை. சுகம் விசாரிக்கக் கை போகவில்லை. கடைசியில் நேரே தொடங்கினாள்: ‘வலையைப் பொத்திப் போட்டார்கள். நீ வரமுன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மாமாவுக்கு அது யாருடைய வலை என்று தெரியாது. தொடலாமா என்று என்னைத்தான் கேட்டார். தொடலாம் என்று சொன்னது நான்.’

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஏன் என்று வசந்தினி கேட்பாள். கேட்காவிட்டாலும் ஏன் என்று ஒன்று இருந்தது. பேனையைத் தாளில் வைத்து எடுத்ததில் ஒரு மைப்புள்ளி விழுந்தது. பிறகு அந்தப் புள்ளியை அடுத்தே எழுதினாள்: ‘வெளி ஆட்கள் சுற்றி நின்று பார்க்க, அது அப்படிக் கிடந்தது எனக்கு வெட்கமாக இருந்தது. ஜெரிசனின் வலை என்று தெரிந்துகொண்டுதான் வெட்கப்பட்டேன். நானும் ஒரு பக்கத்தை இழுத்துப் பிடித்தேன்.’ ஞாயிற்றுக்கிழமை வா என்றோ வரவேண்டாம் என்றோ எழுத அவளுக்கு மனம் துணியவில்லை. பெயரை மட்டும் போட்டாள். புள்ளி விழுந்த தாளை மாற்றவில்லை. யாருக்கும் வாசித்துக் காட்டவுமில்லை. என்வலப்பின் ஓரத்தைப் பசையால் ஒட்டி, உலரும்வரை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டிருந்தாள்.

தபாலில் போட்டால் ஞாயிற்றுக்கிழமைக்கு முந்திப் போய்ச் சேரும் என்று நிச்சயமில்லை. மத்தியான வெய்யிலில் பஸ் நிலையத்துக்கு நடந்தாள். மன்னார் பஸ் வெளிக்கிட நின்றது. கொண்டக்டர் பெடியன் படியில் நின்றபடி யாருடையதோ உரப்பையை மேலே இழுத்துக்கொண்டிருந்தான்.

“தம்பி, பேசாலைக் கடிதம். மன்னாரிலை பேர் எழுதியிருக்கிற பிள்ளையின்ரை அத்தான் வந்து வாங்குவார். நம்பர் மேலை எழுதிக் கிடக்கு.”

“தாங்கோ அம்மா, கெதியாத் தாங்கோ.”

அவனுக்கு இரண்டு கையும் வேலையாய் இருந்தது. குனிந்து, அவளுடைய விரல்களிலிருந்து என்வலப்பைப் பல்லால் கவ்விக்கொண்டான். உரப்பையை முழங்காலால் உந்தி உள்ளே தள்ளினான். வாய் நிறையக் கடிதம். ‘போ’ என்று கத்த முடியவில்லை. உள்ளங்கையால் பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினான். வசந்தினியின் பெயர் அவனுடைய பல்லுக்கு வெளியே வெள்ளையாய்த் தெரிந்தது. பஸ் சரிந்து திரும்பி, வெய்யிலுக்குள் போனது.