மரம் வேர்த்த கதை

பாலசுப்பிரமணியன் சாரின் டியூஷன் சென்டர் வாசலில் அவருடைய ஆளுயர பிளெக்ஸ் நிற்கிறது. அதில் அவர் கோட்டு போட்டிருக்கிறார். மேலப்பாளையத்து வெயிலில் பிளெக்ஸால் மட்டும்தான் கோட்டு போட முடியும். கீழே ‘அறிவியலின் சிகரம்’ என்று எழுதியிருக்கும். சிகரம் உள்ளே மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து செல்போனில் கிரிக்கெட் பார்க்கும்.

பிளஸ் ஒன் பாதியில் நிறுத்தப்பட்ட என்னை அவர் வேலைக்கு வைத்ததே நான் பேசமாட்டேன் என்பதற்காகத்தான். கைடில் உள்ள விடையைப் பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். நான் வரியில் விரலை வைத்துக்கொண்டே வந்து, ஒரு சொல் மாறினாலும் சிவப்புப் பேனாவால் சுழிக்க வேண்டும். இதற்கு ஒரு மரக்கட்டை போதும். மரக்கட்டைக்குச் சிவப்புப் பேனா பிடிக்க வராது என்பதால் ஷம்ஸியா என்கிற நான்.

ஏழாம் வகுப்பு அஃப்ராவுக்கு ஒப்பிக்க வராது. ஒருநாள் சார், “இலையின் பணிகள் யாவை?” என்று கேட்டார்.

அவள் எழுந்து நின்று, “பீடி சுத்துறது சார்” என்றாள்.

சார் செல்போனைக் கீழே வைத்தே சிரித்தார். “ஏட்டி, இதுதான் ஒனக்குத் தெரிஞ்ச அறிவியலா? பேசாம ஒங்கம்மா கூட இருந்து சுத்து. ஒரு பணியாவது ஒழுங்கா நடக்கும்.”

பிள்ளைகளும் சிரித்தார்கள். எந்தப் பிள்ளைகளின் வீட்டில் மடியில் வைத்துப் பீடி சுற்றும் தட்டு இருந்ததோ, அவர்கள்தான் அதிகமாகச் சிரித்தார்கள்.

அஃப்ராவின் உம்மா கமர் நிஷா ஏற்கெனவே சொல்லிவிட்டார்: சார் வைக்கும் மாதப் பரீட்சையில் தேறாவிட்டால் டியூஷனும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. என் வீட்டிலும் இதே சொற்களைத்தான் சொன்னார்கள். மறுநாளே மடியில் தட்டு வந்துவிட்டது.

அடுத்த நாள் வீட்டிலிருந்து ஒரு பீடி இலையை எடுத்துப் போனேன்.

“இத நனைக்காம சுத்துனா?” என்று அஃப்ராவிடம் மெல்லக் கேட்டேன்.

“ஒடிஞ்சிரும்லா லாத்தா.” அக்காவை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“ஒங்க உம்மா இதுல எத உரிச்சுப் போடுதாங்க?”

“நரம்ப. அது இருந்தா சுருளாது.”

“அப்ப மரத்துல இருக்கும்போது அந்த நரம்பு எதுக்கு?”

அவள் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டு வருடமாக அந்த அறையில் ஒருவரும் எதையும் அப்படிப் பார்த்ததில்லை.

ஆறு பிள்ளைகளைப் பாளையங்கால்வாய்க் கரைக்கு அழைத்துப் போனேன். வேப்பங்கிளை ஒன்றில் பாலித்தீன் பையை மாட்டி, வாயை இறுக்கிக் கட்டினோம். சார் கவனிக்கவில்லை. கடைசி ஐந்து ஓவர் நடந்துகொண்டிருந்தது.

ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் பைக்குள் முத்து முத்தாகத் தண்ணீர்.

“லாத்தா, மரம் வேர்க்குது!” என்று அஃப்ரா கத்தினாள்.

“எங்கேருந்து வந்துச்சு? மழ பெஞ்சுதா? யாரும் ஊத்துனாங்களா?” என்று நானும் கத்தினேன். கால்வாயில் துணி துவைத்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அது என் குரல்தான் என்று எனக்கே பிறகுதான் தெரிந்தது. அன்று இரவு முழுவதும் நாளைக்கு எதைக் காட்டலாம் என்றே யோசித்துக் கிடந்தேன்.

மாதப் பரீட்சையில் ஒரே பெரிய கேள்வி: நீராவிப்போக்கு என்றால் என்ன? அஃப்ரா எழுதியிருந்தாள்: ‘வேர் குடித்த தண்ணீர் நரம்பு வழியாக ஏறி, இலையில் உள்ள சின்னத் துளைகள் வழியாக ஆவியாகப் போவது. பை கட்டினால் அதைப் பிடிக்கலாம்.’

சார் பூஜ்யம் போட்டு, கமர் நிஷாவை வரச் சொன்னார். புர்காவின் கைப்பகுதியில் ஒட்டிய புகையிலைத் தூளோடு அவர் வந்து நின்றார்.

“பாருங்கம்மா, பை கட்டுதாளாம் பை! கைடுல எங்கயாவது பை இருக்கா? இவளுக்குப் படிப்பு ஏறாது. நிறுத்திருங்க.”

கமர் நிஷா மகளின் கையைப் பிடித்தார். அந்தப் பிடி எனக்குத் தெரியும்.

“அவ எழுதுனது சரி சார்” என்றேன்.

மின்விசிறி பேசியதைப் போல சார் நிமிர்ந்து பார்த்தார். “நீ பேசுவியா?”

“நீராவிப்போக்குன்னா என்னன்னு நீங்க சொல்லுங்க. கைடப் பாக்காம.”

சிகரத்தின் கை தானாகவே கைடுக்குப் போனது. பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

“நாளையிலேருந்து வேலைக்கு வராத.”

“இரிங்க” என்றார் கமர் நிஷா. மகளின் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “நாங்க காஞ்ச இலைய நனைச்சு வைக்கோமே, அதுவும் இப்படிக் குடிக்குமா? அது செத்த இலைலா?”

“அதெல்லாம் சிலபஸ்ல கெடையாதும்மா.”

“தெரியல சாச்சி” என்றேன் நான். “போட்டுப் பாப்போம்.”

‘தெரியல’ என்ற சொல் அந்தக் கட்டடத்தில் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டது.

கமர் நிஷா அந்தத் தாளை மடித்து மகளிடம் கொடுத்தார். பிறகு, “பள்ளிக்கூடத்த நிறுத்தல. சாயங்காலம் ஒன் வீட்டுக்கு அனுப்புதேன். ஆனா கை சும்மா இருக்கப்படாது, தட்டும் கூட வரும்” என்றார். பெரிய மனசுதான். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

அன்று மாலை ஒரு காய்ந்த இலையின் காம்பை நீல மையில் நிறுத்தி வைத்தோம். குடித்தால் நரம்பில் நீலம் ஏற வேண்டும்.

மறுநாள் விடிந்ததும் கதவு தட்டப்பட்டது. அஃப்ரா என்று நினைத்துத் திறந்தேன். இலை வெட்டுகிற கத்தரிக்கோலோடு கமர் நிஷா நின்றுகொண்டிருந்தார்.

“ஏறிச்சா?” என்றார்.