பதவியேற்புப் பந்தலில் ஒரு நிக்காஹ்

படைத்தலைவர் ஜனாதிபதியாகும் நாளில் பர்மாவின் யங்கூனில் ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது என்று அறிவித்தார்கள். அவரை வாழ்த்துவதற்கு மட்டும் எத்தனை பேரும் கூடலாம்.

நகரின் கியாக்டடா பகுதியில் பிரியாணிக் கடை வைத்திருக்கும் அப்துல் பாரிக்கு அன்றுதான் மகளின் நிக்காஹ். தள்ளிப்போட வழியில்லை. வடக்கே சண்டை ஓயாததால், ராணுவத்துக்கு ஆள் எடுக்க மறுநாள் காலை வார்டு அலுவலகத்தில் நடக்கும் குலுக்கலில் இந்த முறை பெண்களின் பெயர்களும் உண்டு. கல்யாணமான பெண்ணுக்கு விலக்கு. மகள் அப்ஸானாவுக்கு இருபத்தாறு. மாப்பிள்ளை யாசர் ஆண்களுக்கான வயது வரம்பைத் தாண்டியவர்.

“வயசானவர்னு அழுதேன்ல வாப்பா,” என்றாள் அவள். “இப்ப அவர் நரைமுடி ஒவ்வொண்ணும் எனக்குத் தங்கம்.”

காலையிலேயே வார்டுத் தலைவர் ஊ சான் தூன் கடைக்கு வந்து உட்கார்ந்தார். அலுவலக வாசலில் பந்தல் தயார், ஒலிபெருக்கி தயார். வாழ்த்த ஆள்தான் இல்லை. மேலிடத்துக்குப் படம் அனுப்பியாக வேண்டும்.

“எத்தனை பேர் வேணும்?” என்றார் பாரி.

“இருநூறு. சிரிச்ச முகமா.”

“என்கிட்ட இருக்காங்க. சாப்பாடும் நானே போடுறேன்.”

டாலாவிலிருந்து படகேறியும் தன்லியினிலிருந்து பஸ் பிடித்தும் உறவினர்கள் வந்து குவிந்தார்கள். சோதனைச் சாவடியில், ஜனாதிபதியை வாழ்த்த இவ்வளவு அத்தரா என்று சிப்பாய்கள் வியந்தார்கள்.

பந்தலில் மாட்டியிருந்த புதுப் படத்தில் ஜெனரல் சீருடையைக் கழற்றிவிட்டு, பர்மிய மணமகன்கள் கட்டும் பட்டுத் தலைப்பாகையில் இருந்தார். யாசரும் அதையே கட்டியிருந்தார்.

“இதுல எவர் நம்ம மாப்பிள்ளை?” என்றார் டாலா நசீர்.

“மாலை போட்டிருக்கவர்,” என்றாள் பாரியின் மனைவி ரஹீமா.

“ரெண்டு பேருக்கும் போட்டிருக்கே.”

“அப்ப வேர்த்து ஊத்துறவரைப் பாருங்க.”

ஒலிபெருக்கியில் தலைநகரிலிருந்து பதவிப்பிரமாணம் தொடங்கியது. படத்துக்குக் கீழே பள்ளிவாசல் ஹஜ்ரத் திருமண உரையான குத்பாவை ஓதி முடித்தார். பாரி மகளை மணமுடித்துத் தருவதாகச் சொன்னார். யாசர் “ஏற்றுக்கொண்டேன்” என்ற அதே நொடியில் ஜெனரல் நாட்டை ஏற்றுக்கொண்டார். பெண்கள் குரவையிட்டார்கள், கற்கண்டு பறந்தது. அத்தனையும் ஜனாதிபதிக்கான பிரார்த்தனை என்று நினைத்த ஊ சான் தூன் கைபேசியில் எல்லாவற்றையும் படமெடுத்து உடனே மேலே அனுப்பினார்.

சாப்பாட்டின் நடுவே பாரி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். “கல்யாணம் நடந்ததுக்கு ஒரு முத்திரை வேணும்.”

“எங்க நடந்தது?”

“இங்கதான். நீங்க ரெண்டாவது தட்டு சாப்பிடுறீங்களே, அதுல.”

ஊ சான் தூனின் கை நின்றது. சட்டவிரோதக் கூட்டம் என்றால் பந்தல் அவருடையது. கல்யாணம் என்றால் மேலே அனுப்பிய படத்திலிருக்கும் ஆரவாரம் ஜனாதிபதிக்கானதல்ல. எலும்பை வெகுநேரம் உறிஞ்சினார். பிறகு எழுதினார்: ‘ஜனாதிபதியின் பதவியேற்பைக் கொண்டாட மக்கள் மணமுடித்தனர்.’ மணமக்களின் பெயர்களைச் சேர்த்து முத்திரையைக் குத்தினார்; அதே வரியை மேலிடத்துக்கும் அனுப்பினார். அப்ஸானா பந்தலுக்குப் பின்னால் உம்மாவைக் கட்டிக்கொண்டு சுற்றினாள்.

மேலிடத்திலிருந்து அழைப்பு வந்தது. ஊ சான் தூன் எழுந்து நின்று பேசினார். உட்காரும்போது முகம் வெளுத்திருந்தது.

“அருமையான யோசனையாம். எல்லா வார்டும் செய்யணுமாம். நம்ம வார்டு வழிகாட்டணுமாம். இருட்டுறதுக்குள்ள இன்னும் பத்து ஜோடி.”

செய்தி தெருவில் ஓடியது. முதலில் வந்தவள் எதிர்வீட்டுத் தமிழரசி. ஒரு கையில் செருப்பு, மறுகையில் தையற்காரர் தேவராஜின் மணிக்கட்டு.

“மூணு வருஷமா யோசிக்கிறேன்னு சொல்லிக்கிட்டே இருக்கார்,” என்றாள். “தலைப்பாகை இருக்கா?”

யாசர் தன்னுடையதைக் கழற்றி தேவராஜின் தலையில் வைத்தார்.