உதறல் ஸ்டைல்

நாளை மறுநாள் மணிக்கட்டில் ஆபரேஷன். அதற்குள் இன்னொரு டாக்டரிடம் காட்டியே தீரவேண்டும் என்று கணவர் ஒற்றைக் காலில் நின்றதால்தான் விளையாட்டு டீச்சர் அந்த அறைக்கு வந்தாள். இரண்டு மாதமாக வலது கை மரத்துப்போகிறது. விசிலைக்கூடப் பிடிக்க முடியவில்லை. மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறது என்று முதல் டாக்டர் சொல்லியிருந்தார். போன வாரத்திலிருந்து ஆள்காட்டி விரல் நுனி வேறு கறுக்க ஆரம்பித்திருந்தது.

ரத்தக்குழாய் டாக்டர் நிமிர்ந்தாள். குள்ளி! கல்லூரி வாலிபால் அணியில் இவள் அடிப்பதற்கென்றே பந்தைத் தூக்கிக் கொடுத்தவள். இருபத்தாறு வருடம் ஓடிவிட்டது.

"அடியே உதறல், எங்கடி போய்த் தொலைஞ்ச?"

அந்தப் பெயரைக் கேட்டதும் செம்மண் மைதானமும் கிழிந்த வலையும் கண்முன் வந்து நின்றன. ஒவ்வொரு அடிக்குப் பிறகும் டீச்சர் வலது கையை இரண்டு முறை உதறுவாள். அது ஸ்டைல் என்று கல்லூரியே நம்பியது. பந்தையே தொடாத ஜூனியர் பெண்கள்கூடக் கையை உதறிக்கொண்டு திரிந்தார்கள்.

சிரித்துக்கொண்டிருந்த குள்ளி சட்டென்று நிறுத்தினாள். "ஆமா, எதுக்குடி உதறுவ?"

"மரத்துப்போகும்ல? அடிச்சா எல்லாருக்கும் அப்படித்தான்னு நெனச்சேன்."

"எனக்கு ஒரு நாளும் மரத்ததில்ல."

குள்ளி எழுந்து வந்தாள். மணிக்கட்டில் நாடியைப் பிடித்தபடி அந்தக் கையை மெல்ல உயர்த்தினாள். தோளைத் தாண்டியதும் நாடி காணாமல் போனது. கையை இறக்கினாள், வந்தது. இரண்டு கைகளையும் தூக்கி விரல்களை மூடித் திறக்கச் சொன்னாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, வலது உள்ளங்கை சுண்ணாம்பாய் வெளுத்து, கை தானாகத் தொங்கிவிட்டது.

எக்ஸ்ரேயில் குட்டு உடைந்தது. கழுத்தடியில், இருக்கவே கூடாத ஒரு விலா எலும்பு. பிறவியிலிருந்தே கைக்குப் போகும் நரம்பையும் ரத்தக்குழாயையும் நெரித்துக்கொண்டிருந்திருக்கிறது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், நசுங்கிய இடத்தில் ரத்தம் உறைந்து, துணுக்குகள் விரலுக்கு இறங்கிக்கொண்டிருந்தன.

"மணிக்கட்ட வெட்டியிருந்தா ஒண்ணும் தீர்ந்திருக்காது. இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா விரல் போயிருக்கும். அப்புறம் கையும்."

உறைவைக் கரைக்க மருந்து, பிறகு எலும்பை எடுக்க ஆபரேஷன், அதன்பின் நான்கு மாதம் தோள் பயிற்சி.

ஐந்தாவது மாதம், பள்ளி மைதானத்தில் குள்ளி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பந்தைத் தூக்கிக் கொடுத்தாள். டீச்சர் எகிறி அடித்தாள். கை சிவந்து, கதகதவென்று இருந்தது. உதற எதுவுமில்லை. என்னவோ தொலைந்த மாதிரி உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பக்கத்தில் குள்ளி தன் வலது கையை இரண்டு முறை உதறினாள்.

"என்னடி பாக்குற? அந்த ஜூனியருங்க மட்டுந்தான் காப்பியடிச்சாங்கன்னு நெனச்சியா?"