டேங்க் நிறையாத வண்டி

ஒரு எஞ்சினுக்கு என்ன வியாதி என்பதை அதன் இருமலை வைத்தே சொல்லிவிடக்கூடிய மனிதர் தென்னிந்தியாவில் ஒரே ஒருவர்தான் இருக்கிறார். அவர் திண்டிவனத்தில் வாடகைக் கார் ஓட்டுகிறார். பெயர் வல்லரசு. இந்தத் தகவலை ஊருக்குச் சொன்னவரும் வல்லரசுதான். மறுத்துப் பேச இன்னொரு நிபுணர் இல்லாததால் அது உண்மையாகவே இருந்துவந்தது.

அவருடைய பழைய பெட்ரோல் கார் கொஞ்ச நாளாக மேம்பாலம் ஏறும்போது விக்கியது. சிக்னலில் நின்றால் நடுங்கியது. வல்லரசு பானெட்டில் காதை வைத்து, கண்ணை மூடி, "இன்ஜெக்டர்ல அழுக்கு" என்றார். அது சரியான கணிப்பு. வினையே அதுதான். ஒருமுறை சரியாகச் சொல்லிவிட்ட மனிதரை அப்புறம் யாராலும் நிறுத்த முடியாது.

அந்தக் காருக்கு வாடகை கிடைக்காத சவாரி ஒன்று உண்டு. செவ்வாயும் வெள்ளியும் காலையில் மனைவி அம்சவள்ளியை முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேண்டும். நேரத்துக்குப் போனால் படுக்கை. தாமதமானால் காத்திருக்கும் அடுத்த ஆளுக்கு அது போய்விடும். கார் ஓடுவதும் அம்சவள்ளி நடமாடுவதும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன.

டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னதிலிருந்து அம்சவள்ளி எந்தப் பாக்கெட்டையும் திருப்பிப் படிக்காமல் பிரித்ததில்லை. பன்னிரண்டாம் வகுப்பு இங்கிலீஷை வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படிப்பாள்.

"இன்னா அம்சா, பிஸ்கட்ட துன்னப் போறியா, பரிட்சை எழுதப் போறியா?" என்பார் வல்லரசு. கார் ஸ்டாண்டிலும் இதைச் சொல்லிச் சிரிப்பார். அங்கே யாரும் சிரிக்காவிட்டால் இன்னொரு முறை சொல்வார்.

விழுப்புரத்துக்கு ஒரு சவாரி போனபோது ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் எஞ்சின் கிளீனர் கேட்டார். கடைக்காரர் இருதயராஜ், "பெட்ரோல் வண்டியாண்ணே, டீசலா?" என்றார்.

"இன்னாபா, இருமல் மருந்து கேட்டா மனுசனுக்கா மாட்டுக்கான்னு கேக்குற."

"மாட்டு மருந்த நீங்க குடிச்சா நாளைக்கு என்னத்தானண்ணே கேப்பாங்க?"

"பெட்ரோலு."

"பின்னாடி போட்டிருக்கு. ஒருவாட்டி படிச்சிட்டு ஊத்துங்க."

"நான் எதுக்குப்பா படிக்கணும்? எஞ்சினுதான் என்னைப் படிக்கணும்" என்று வல்லரசு பாட்டிலை வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை கிளம்பும் அவசரத்தில்தான் அவருக்குச் சிகிச்சை நினைவு வந்தது. வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு டேங்க் மூடியைத் திறந்தார். எஞ்சினுக்குத் தனக்கு மருந்து போவது தெரிய வேண்டும் என்பது அவர் கருத்து. முன் சீட்டில் உட்கார்ந்திருந்த அம்சவள்ளி பாட்டிலை வாங்கித் திருப்பினாள்.

"ஏங்க, இது நாப்பது லிட்டருக்காம். டேங்க்க நெறப்பிட்டு ஊத்தணுமாம்."

"நம்ம வண்டி டேங்க்கு எப்ப நெறஞ்சுது, இப்ப நெறைய?"

அதுவும் சரிதான். ஸ்டாண்டில் எந்த வண்டிக்கும் டேங்க் நிறைந்து யாரும் பார்த்ததில்லை. சவாரி ஏறியதும் முதல் நிறுத்தம் பெட்ரோல் பங்க். அட்வான்ஸை அங்கேயே வாங்கி, அந்தச் சவாரிக்குத் தேவையான அளவு போட்டுக்கொண்டு புறப்படுவதுதான் தொழில் முறை. வாங்கிய நாளிலிருந்து அந்தக் கார் அடி வண்டலில்தான் உயிர் வாழ்ந்தது.

"அப்ப கொஞ்சூண்டு ஊத்துங்க. எஞ்சின ஆஃப் பண்ணணுமாம். கைக்கு உறை போடணுமாம். பெயிண்ட்ல படக் கூடாதாம்."

"குடு இப்டி. ஜல்தி போணும்."

முழுப் பாட்டிலும் உள்ளே போனது. கொஞ்சம் வெளியே வழிந்து வெள்ளைப் பெயிண்டில் கண்ணீர்க் கோடு மாதிரி இறங்கியது.

"என் ரத்தத்த கழுவுற நர்ஸம்மா கூட ஒவ்வொண்ணையும் படிச்சுப் பாத்துட்டுத்தான் மாட்டுறாங்க" என்றாள் அம்சவள்ளி.

"அவங்களுக்கு அனுபவம் பத்தாது."

புறவழிச்சாலை ஏறியதும் கார் பறந்தது. விக்கல் இல்லை, நடுக்கம் இல்லை. "பாத்தியா?" என்றார். அம்சவள்ளி பார்த்தாள். கூட்டேரிப்பட்டு தாண்டியதும் வண்டி ஒருமுறை இருமியது. பிறகு தொடர்ந்து இருமியது. பிறகு ஓரமாக உருண்டு நின்றுவிட்டது. அடியில் பல வருடமாகப் படுத்திருந்த அழுக்கையெல்லாம் மருந்து எழுப்பிவிட்டிருந்தது. எழுந்தது மொத்தமும் ஃபில்ட்டரில் போய் அடைத்துக்கொண்டது.

வல்லரசு பானெட்டில் காதை வைத்தார். எஞ்சின் எதுவும் சொல்லவில்லை.

"நல்லதுதான். அழுக்கு வெளிய வருது. கொஞ்ச நேரம் இரு."

அம்சவள்ளி வீங்கிய காலோடு இறங்கி, முண்டியம்பாக்கம் வழியாக விழுப்புரம் போகும் பஸ்ஸுக்குக் கை காட்டினாள். பஸ் நின்றது. "நீங்க வர்றீங்களா, இல்ல அதும் பக்கத்துலயே குந்திக்கினு இருக்கப் போறீங்களா?"

வல்லரசு காரைப் பூட்டினார். பூட்டாவிட்டாலும் அதை யாரும் ஓட்டிக்கொண்டு போயிருக்க முடியாது. பஸ்ஸில் அவளுக்கு மட்டும் உட்கார இடம் கிடைத்தது.

ஆஸ்பத்திரியில் அவளுடைய படுக்கையில் வேறொருவர் இருந்தார். "மதியம் யாராவது வரலன்னா கூப்பிடுறேம்மா, இங்கயே இருங்க" என்றார் நர்ஸ். அந்தப் பிரிவில் ஒருவர் வராமல் போவதற்கு என்ன காரணம் இருக்க முடியும் என்பது இருவருக்கும் தெரியும். அதனால் யாராவது வராமல் போக வேண்டும் என்று வேண்டிக்கொள்ளவும் முடியவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

வல்லரசு சொல்லி வண்டியை இழுத்துப் போன மெக்கானிக் கண்ணையன் போன் செய்தான். "மாமா, பம்ப்பு போச்சு. டேங்க்க எறக்கணும், இன்ஜெக்டர் எல்லாத்தையும் கழட்டணும். இதுக்கு மேல செலவு பண்றது வேஸ்ட்டு. உடைக்கிற எடத்துக்குக் குடுத்துடலாம்."

"சரிப்பா" என்றார் வல்லரசு. ஒரு மெக்கானிக்கிடம் அவர் சரி சொன்னது இதுதான் முதல் தடவை.

"இன்னாவாம்?" என்றாள் அம்சவள்ளி.

"இனிமே பஸ்ஸு."

"செவ்வாக்கெழமயுமா?"

"காலைல உக்கார எடம் கெடைக்கும்" என்றார். அது அவருக்கே நம்பிக்கையாகக் கேட்கவில்லை.

மதியம் ஒருவர் வரவில்லை. நர்ஸ் அம்சவள்ளியின் பெயரைக் கூப்பிட்டார். யார் வரவில்லை என்று அவள் கேட்கவில்லை. எழுந்து போகும்போது, "முடிஞ்சு வந்தா பசிக்கும். எதனா பிஸ்கட்டு வாங்கி வைங்க" என்றாள்.

வல்லரசு வாசலில் இருந்த பெட்டிக்கடைக்குப் போனார். ஒரு பாக்கெட்டை எடுத்தார். எடுத்ததைத் திருப்பினார். எழுத்து எறும்பு எறும்பாக இருந்தது. கையைத் தூர நீட்டி, கண்ணைச் சுருக்கி, விரலை வரிக்கடியில் வைத்து நகர்த்தினார். சோடியம் என்ற இடத்தில் விரல் நின்றது.

"தேதிலாம் கரெக்டாத்தான் சார் இருக்கும்" என்றார் கடைக்காரர்.

வல்லரசு பாக்கெட்டை வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த இன்னொன்றை எடுத்துத் திருப்பினார்.