ஆறு இலக்கம்

மூன்றாவது முறையாக ரோஜா 'எண் அனுப்புக' என்ற கட்டத்தை அழுத்தினாள். சிவகாசி பிரவுசிங் சென்டரின் சுவர்க் கடிகாரத்தில் மணி நாலரை. கோயம்புத்தூர்க் கல்லூரியில் கிடைத்த எம்.சி.ஏ. இடத்துக்கு ஐந்து மணிக்குள் கட்டணம் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அப்பா செல்லச்சாமியின் வங்கிக் கணக்கைத் திறக்கும் கடவுச்சொல் அவளுக்குத் தெரியும். அதற்குமேல் வங்கி கேட்கும் ஆறு இலக்க எண் அப்பாவின் செல்போனுக்குத்தான் போகும். அந்தச் செல்போன் தாயில்பட்டிப் பட்டாசு ஆலையின் கேட்டில், மரப்பெட்டிக்குள் இருந்தது.

ஆலைக்குள் செல்போன் கொண்டுபோக யாரையும் விடமாட்டார்கள். போர்மேனான அப்பாவுக்கும் அதே விதிதான். இருபது வருடமாக அங்கே வேலை பார்ப்பவருக்கு ஆன்லைன் வசதிக்காக வங்கியில் கையெழுத்துப் போடும்போது அது மட்டும் மறந்து போயிற்று. பணம் கட்டும்போது பார்த்துப் போட எண்கள் அச்சடித்த அட்டை வேண்டுமா, செல்போனுக்கு எண் வர வேண்டுமா என்று கேட்டார்கள்.

"அட்டையே வாங்குங்கப்பா. எங்கிட்ட இருக்கட்டும்" என்றாள் ரோஜா.

"அட்டை தொலைஞ்சு போச்சுன்னா? செல்லு எப்பவும் எங்கூடத்தான கெடக்கும்" என்று அவர் செல்போனுக்கே டிக் போட்டார். வெளியே வந்து வண்டியை எடுக்கும்போதுதான் உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

அதன்பிறகு கேட் வாட்ச்மேன் வெள்ளைத்துரைதான் துணை. பேசிக்கொண்டே மெசேஜ் பார்க்க அவருக்கு வராது. எண் வந்ததும் பெட்டியிலிருந்து அப்பாவின் செல்லை எடுத்து, இடது உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்வார். ரோஜா கூப்பிட்டதும் கையைப் பார்த்துச் சொல்வார். ஒரு தரம்கூடப் பிசகியதில்லை.

இன்றைக்கு இரண்டு முறையும் மணி அடித்து ஓய்ந்தது. ஐந்து ஐந்து நிமிடத்தில் இரண்டு எண்களும் செல்லாமல் போயின. இதையும் தவறவிட்டால் கணக்கு நாளைவரை முடங்கும் என்று திரையில் சிவப்பு எழுத்து. ரோஜா வாசலுக்கு ஓடிவந்து தாயில்பட்டிப் பக்கம் வானத்தைப் பார்த்தாள். புகை இல்லை.

"ஆம்புலன்ஸ் எதுவும் போச்சாண்ணே?" என்று கடைக்காரரைக் கேட்டாள்.

"வெடிச்சிருந்தா இந்நேரம் பஜாருக்கே தெரிஞ்சிருக்கும்மா. போயி ஒக்காரு."

உயிர் வந்தது. மறுபடி கூப்பிட்டாள். வெள்ளைத்துரை எடுத்தார்.

"மாமா, எங்க போனீக? அஞ்சு மணிக்குள்ள கட்டணும். அப்பா சொல்லலையா?"

"சொன்னாக தாயி. பெட்டிய விட்டு நகராதன்னு காலையிலேயே சொல்லிட்டுத்தான் உள்ள போனாக. நான்தான்... வையி. எளுதிக்கிறேன். ஒரு நிமிசம் களிச்சுக் கூப்பிடு."

அந்த ஒரு நிமிடத்தைக் கடிகாரத்தைப் பார்த்தே கழித்தாள். கூப்பிட்டதும் ஒவ்வொரு இலக்கமாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "ஏளு. பூச்சியம். ரெண்டு..." சொல்லி முடித்துவிட்டு, கேட்காமலே இன்னொரு முறை சொன்னார்.

ரசீது அச்சாகி வந்தது.

"கட்டியாச்சா தாயி?"

"ஆச்சு மாமா."

"பேப்பரு கைக்கு வந்திருச்சா?"

"வந்திருச்சு. அப்பாட்ட சொல்லிருங்க."

அவருக்குப் பின்னால் ஏதோ ஒரு பெண் அழுவது கேட்டது.

"நீ வீட்டுக்குப் போ" என்றார். "பஸ்ஸுக்கு நிக்காத, ஆட்டோ பிடிச்சுப் போ. அப்பாவ அங்கன கூட்டிட்டு வாறோம்."

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செல்லச்சாமி சாய்ந்தது நாலேகாலுக்கு. கேட்டுவரை தூக்கி வந்திருக்கிறார்கள். கார் வருமுன் எல்லாம் முடிந்துவிட்டது. வீட்டில் இதைக் கேட்டபோது ரோஜா ரசீதைப் பார்த்தாள். நாலு முப்பத்தாறு. அப்பா அந்தக் கேட்டில்தான் கிடந்திருக்கிறார். வெள்ளைத்துரை மேல் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. பக்கத்தில் பிணத்தை வைத்துக்கொண்டு நம்பர் சொல்ல எப்படி மனசு வந்தது? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் ரசீதையா வாங்கிக்கொண்டிருப்பாள்? இரவு முழுக்க அதே நினைப்பு.

மறுநாள் காலை வாய்க்கரிசி போட்டார்கள். உறவெல்லாம் போட்டு முடித்தபின், ஓரமாக நின்றிருந்த வெள்ளைத்துரை வந்தார். நேற்றைய காக்கிச் சட்டைதான். இரண்டு கையாலும் அரிசியை அள்ளியவர், செல்லச்சாமியின் முகத்தருகே குனிந்தார்.

"கட்டியாச்சு" என்றார், அவருக்கு மட்டும் சொல்வதுபோல்.

தலைமாட்டில் இருந்த ரோஜாவுக்கு அது கேட்டது. அவர் கையை விரித்து அரிசியைப் போட்டார். ஈரத்தில் நாலைந்து மணிகள் இடது உள்ளங்கையிலேயே ஒட்டிக்கொண்டன. அவற்றினடியில், நீல மையில், ஆறு இலக்கங்களும் அழியாமல் இருந்தன.